மூத்தும்மாவின் கிதாபும் ஆபிரிக்காவும்

"ஆபிரிக்காவா? அதில என்னத்தப் படிக்கிற?" என்று உம்மா கேட்டா. லண்டனுக்குப் போய் ஆபிரிக்க வரலாறு படிக்கப் போறோம் என்று சொன்னதும் குழப்பம் இன்னும் கூடினது. எங்கட பக்கத்திலிருந்து கெய்ரோவுக்கு ஓதப் போனவங்க இருக்காங்க. அஸ்ஹர் என்றால் ஊரில் தனி மரியாதை. அந்தக் கெய்ரோவும் ஆபிரிக்காவில்தான் இருக்கு என்று சொன்னால் மட்டும் சிரிக்கிறாங்க.

வரலாற்றில் பட்டம் முடித்துவிட்டுக் கல்முனையில் வேலைக்குக் காத்திருந்த நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க இறங்கினோம். பிரிட்டனில் முதுமாணி ஒரு வருஷம். கட்டணம் எங்களுக்கு எட்டாது. செவ்னிங் புலமைப்பரிசில் கேட்க 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேணும். அமெரிக்காவில் இளமாணிப் பட்டத்தோடயே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் பெரிய பல்கலைக்கழகங்கள் படிப்புச் செலவோடு ஐந்து வருஷமளவுக்கு உதவித்தொகையும் தரும். அதற்கு மூன்று சிபாரிசுக் கடிதம், ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை, படிக்கப்போகும் பகுதியின் மொழியில் கொஞ்சமாவது பழக்கம் வேணும்.

இதெல்லாம் ஓடித் திரிந்து செய்யக்கூடியவை. நாங்கள் முட்டுப்பட்டு நின்றது 'ஏன் ஆபிரிக்கா?' என்ற கேள்வியில்.

முதலில் இப்னு பதூதாவைப் பிடித்துக்கொண்டோம். 1331 இல் கிழக்கு ஆபிரிக்காவின் கில்வாவில் நின்ற மனிசன், 1344 இல் இலங்கைக்கு வருகிறார். கொழும்பில் ஜாலஸ்தி என்ற அதிகாரியிடம் ஐந்நூறு அபிசீனியர் அளவில் இருந்ததாகச் சொல்கிறார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. படிப்பித்த சேர் ஒருவர் வாசித்துவிட்டு, "நல்லாயிருக்கு. ஆனா இத ஆரும் எழுதலாமே. நீங்க ஏன் எழுதணும்?" என்று கேட்டார். பதில் இல்லை.

பதில் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. எங்களில் ஒருவருடைய மூத்தும்மாவின் கிதாப் அது. அரபுத்தமிழ்: எழுத்து அரபு, மொழி தமிழ். கல்முனைக்குடியில் கடற்கரையோரம் இருந்த அவட வீட்டை 2004 டிசம்பர் 26 சுனாமி கொண்டுபோனது. கிதாப் பெட்டியும் போனது. தங்கச்சி வீட்டுக்கு ஓதக் கொடுத்திருந்த ஒன்று மட்டும் மிஞ்சினது.

மூத்தும்மா பள்ளிக்கூடம் போனதில்லை. காரியாலயங்களில் கைநாட்டுத்தான் வைப்பா. ஆனா அந்தக் கிதாபை விரித்தால் தண்ணி மாதிரி ஓடும். பட்டம் வாங்கிய எங்களுக்கோ ஒரு வரியும் சீராக வாசிக்க வராது. ஓதப்பள்ளியில் படித்த அரபு எழுத்து தெரியும், ஆனால் அதற்குள் தமிழ் ஒளிந்திருப்பது கண்ணுக்குப் பிடிபடாது.

பிறகுதான் சுவாஹிலியைத் தேடிப் பார்த்தோம். லாமு, மொம்பாசா கரைகளில் அதையும் நூற்றாண்டுக் கணக்காக அரபு எழுத்தில்தான் எழுதியிருக்காங்க. தபூக் போரைப் பாடும் சுவாஹிலிக் காவியத்துக்கு 1728 ஆம் ஆண்டுக் கைப்பிரதி இருக்கு. எங்கட படைப்போர் இலக்கியத்துக்கு அது சொந்தக்காரன் மாதிரி. அரபியில் 'ப' இல்லை, 'ச்ச' இல்லை, 'எ', 'ஒ' இல்லை. அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் புள்ளி கூட்டியோ, இருக்கிற எழுத்தை வைத்துச் சமாளித்தோதான் எழுதியிருக்காங்க. காலனிய ஆட்சியில் அங்கே பள்ளிக்கூடங்கள் லத்தீன் எழுத்துக்கு மாறின. பழைய எழுத்து மட்டும் தெரிந்தவங்க புதிய அலுவலகத்துக்கு முன்னால் என்ன ஆகியிருப்பாங்க? மூத்தும்மாவின் கைநாட்டு ஞாபகம் வந்தது.

விண்ணப்பத்தைத் திரும்ப எழுதினோம். வாசிக்கத் தெரிந்த ஒருவரை எழுத்தறிவில்லாதவர் ஆக்குவது எது? இதைக் கல்முனையிலிருந்து கேட்கிறோம், லாமுவில் தேட விரும்புகிறோம் என்று எழுதினோம். இந்த முறை சேர் ஒன்றும் கேட்காமல் சிபாரிசுக் கடிதம் எழுத ஒத்துக்கொண்டார்.

டிசம்பரில் அனுப்பியாச்சு. கட்டண விலக்குக் கிடைத்த இடங்களுக்கு மட்டும்தான். முடிவு இன்னும் வரவில்லை. உம்மா இப்பவும் அரச நியமனத்துக்குத்தான் துஆக் கேட்கிறா.

வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு மூத்தும்மாவிடம் போகிறோம். கண் மங்கிவிட்டது. நாங்கள் எழுத்துக்கூட்டித் தடுமாற, அவ மனப்பாடத்தில் திருத்துவா. இப்ப ஒன்பதாம் பக்கத்தில் நிற்கிறோம்.