பெருமாள்மலையில் ஹிரோஷிமாவைத் தேடி

வத்தலக்குண்டில் ஏறிய பஸ்ஸில், பக்கத்து இருக்கை அம்மாவிடம், இயேசு சபைக் குரு ஒருவர் பெருமாள்மலையில் தொடங்கிய ஜென் தியான மையமான போதி ஜென்டோவுக்குப் போவதாகச் சொன்னேன். "ஹிரோஷிமாவுல குண்டு போட்டப்ப எட்டு சாமியாருங்க செபமாலை சொல்லிக்கிட்டு இருந்தாங்களாம். ஒரு கீறல்கூட இல்ல தம்பி" என்றார்.

கொடைக்கானலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்பே, பழனி சாலை பிரியும் இடத்தில் இறங்கினேன். டீ பதினைந்து ரூபாய்; மலைவாழைப்பழம் இரண்டு இருபது. ஈர மண்ணும் காப்பிப் பூவும் மணக்க மேலே நடந்தேன். வழியில் ஓர் ஓட்டு வீட்டுக்குச் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

அந்த அம்மா சொன்ன கதையில் வரும், ஹிரோஷிமாவின் நொபோரிச்சோ பகுதி இயேசு சபைக் குருக்கள் இல்லமும் மரவீடுதான். நிலநடுக்கத்துக்குப் பயந்து ஒரு சபைச் சகோதரர் அதற்கு இரட்டைச் சட்டம் அடித்து வலுவாக்கியிருந்தார். 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. குண்டு வெடித்த இடத்துக்கு ஒன்றரை கிலோமீட்டருக்குள் அது நின்றது, சுற்றியிருந்தவை சரிந்தன. உள்ளே இருந்த குருக்கள் நால்வர். சபைத் தலைவர் ஹியூகோ லசாலின் முதுகிலும் காலிலும் கண்ணாடிச் சில்லுகள். ஷிஃபருக்குத் தலையில் வெட்டு. நெருப்பு நெருங்கியும் மறைமாவட்டச் செயலர் புகாய் வெளியேற மறுத்து அழுதார். நால்வரில் ஒருவரான கிளைன்ஜோர்கே அவரை முதுகில் தூக்கிப் போனார். புகாயோ நழுவி நெருப்புக்குள்ளேயே திரும்பி ஓடினார். முட்டுக் கொடுத்த அந்த வீடும் அன்றே எரிந்தது.

ஜென்டோவில் செருப்பைக் கழற்றியதும் பேச்சு நின்றுவிடுகிறது. சரளையில் கோடு இழுத்த கல் தோட்டம். தியானக் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பத்து நிமிடத்தில் முழங்கால் வலித்தது. 1990-களில் இதைத் தொடங்கிய இயேசு சபைக் குரு அமா சாமி, ஜப்பானிய ஆசான் யமாதா கோவுனிடம் ஜென் பயின்றவர். கிறிஸ்தவக் குருக்கள் ஜென் பயிலும் அந்த வழியைத் திறந்துவிட்டவர், உடம்பில் கண்ணாடி ஏறிய அதே லசால். ஹிரோஷிமாவில் உலக அமைதிக்கான நினைவுப் பேராலயத்தை 1954-ல் எழுப்பியவரும் அவரே.

1945-ன் முடிவுக்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். ஒரு கீறலும் இல்லை என்று சொல்லும்போது இவர்கள் அத்தனை பேரும் கதைக்கு வெளியே போய்விடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அந்த அம்மாவைத் தேடினேன், இல்லை. உங்களிடம் யாராவது அந்த எட்டுப் பேர் கதையைச் சொன்னால், கிளைன்ஜோர்கே என்ற பெயரைச் சொல்லுங்கள். கதிர்வீச்சு நோயோடு ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்குமாக அலைந்து, 1977-ல் ஜப்பானிலேயே இறந்தார்.