ஆண்டாளின் பிறந்த வீடு

ராஜபாளையத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தால், சகோதரிகளே, ஒரு நாள் கூடுதலாகத் தங்க ஏற்பாடு செய்துகொண்டு புறப்படுங்கள். ராஜபாளையத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. பஞ்சாலைகள் இருக்கின்றன, ஊர்ப் பெயரைத் தாங்கிய வெள்ளை நாய் இருக்கிறது, 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா, தம் சொந்த வீட்டையே கொடுத்து உண்டாக்கிய காந்தி கலை மன்றம் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது, அங்கிருந்து பஸ் ஏறினால் அரை மணிக்குள் போய் இறங்கக்கூடிய ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றி.

ஊருக்கு வெகு தூரத்திலேயே கோபுரம் தெரிந்துவிடுகிறது. 11 நிலை, 192 அடி உயரம். அரசாங்க முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று ஊரார் மார்தட்டிக் கொள்கிறார்கள். இல்லை, அது மதுரைக் கோபுரம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். வடபத்ரசாயிப் பெருமாள் பள்ளிகொண்டிருப்பது மேல் தளத்தில். படியேறிச் சேவித்துவிட்டு, நந்தவனத்தைக் கடந்து ஆண்டாள் ஸன்னிதிக்குப் போக வேண்டும்.

நந்தவனத்தில் துளசிச் செடியடியில் பெரியாழ்வார் குழந்தையைக் கண்டெடுத்ததும், அவள் மாலையைச் சூடிப் பார்த்ததும் நாம் பாட்டிமாரிடம் கேட்ட கதைதான். கதையின் முடிவை நினைத்தால்தான் எனக்கு எப்போதும் மனம் கனக்கும். கல்யாணக் கோலத்தில் ஸ்ரீரங்கம் போனவள், அங்கே பெருமாளோடு கலந்துவிட்டாள். தகப்பனார் தனியாகத் திரும்பியிருப்பார். தாய் இல்லாமல் வளர்த்த பெண். இனி மறுவீடும் இல்லை, பிள்ளைப்பேறும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அதற்கு ஒப்பவில்லை என்றுதான் தோன்றுகிறது. கர்ப்பக்கிருகத்தில் பாருங்கள்: ரங்கமன்னார் இங்கே வந்து மாப்பிள்ளையாக நிற்கிறார். மற்றக் கோயில்களில் எதிரே கைகூப்பி நிற்கும் கருடன், இங்கே அதே பீடத்தில் பக்கத்திலேயே நிற்கிறார். முகூர்த்தம் தவறாமல் மாப்பிள்ளையைச் சுமந்து வந்தவருக்குப் பெண் வீட்டார் செய்த மரியாதை!

இதைவிட அழகு, மார்கழியில் நடக்கும் 'பச்சை பரத்தல்'. பகல் பத்தின் முதல் நாள், ஆண்டாள் ரங்கமன்னாரோடு புறப்பட்டு, பெரியாழ்வார் வம்சத்தாரின் திருமாளிகைக்கு எழுந்தருளுகிறாள். பெண்ணும் மாப்பிள்ளையும் வருகிறார்கள் என்று வீடு முழுவதும் காய்கறிகளைப் பரப்பி வைக்கிறார்கள். திரட்டுப்பாலும் மணிப்பருப்பும் நைவேத்தியம். பிறந்த வீட்டுக்குப் போன பெண்ணுக்கு அம்மா என்ன செய்வாளோ அதேதான். அதைத் தொடர்ந்து எண்ணெய்க்காப்பு உற்சவம் வேறு! தலைக்கு எண்ணெய் வைத்துவிட ஆள் இல்லாமல் புக்ககத்தில் நின்றிருக்கிற எவளுக்கும் இதன் அருமை தெரியும்.

சீரும் ஒரு பக்கமாகப் போகவில்லை. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை, சித்திரையில் மதுரைக்கு அழகர் ஆற்றில் இறங்கும்போது போகிறது. புரட்டாசி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்குத் திருமலைக்குப் போகிறது. பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்துக்குத் திருமலையிலிருந்து பட்டு வருகிறது. சம்பந்தி வீடுகள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

அவள் இடது கையில் இருக்கும் கிளியை மறக்காமல் உற்றுப் பாருங்கள். தங்கமில்லை, மரகதமில்லை. மரவள்ளி இலையால் உடம்பு, மாதுளம்பூவால் மூக்கு, காக்காப்பொன்னால் கண். பரம்பரையாக இந்தக் கைங்கரியம் செய்கிறவர்கள் தினந்தோறும் பல மணி நேரம் உட்கார்ந்து புதிதாகக் கட்டித் தருகிறார்கள். 192 அடிக் கோபுரம் ஒரு முறை கட்டியதோடு சரி. கிளியை நாளைக்கும் கட்டியாக வேண்டும். முந்தின நாள் கிளியைப் பிரசாதமாகப் பெறும் பாக்கியம் சிலருக்கு வாய்க்கிறது. எனக்கு வாய்த்தது பால்கோவாதான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு அது. கடைத்தெருவில் சுடச்சுடக் கிளறுகிற இடமாகப் பார்த்து வாங்குங்கள். மார்கழியில் போவதானால் விடியற்காலைத் தரிசனத்துக்குச் சால்வையும் வேண்டும். மேற்கு மலையிலிருந்து வரும் குளிர் பொல்லாதது.