இரண்டு ரிப்போர்ட், ஒரே கன்னம்

அத்தைக்கு இடது காதுக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வீக்கம். பொங்கலூரிலிருந்து இரண்டு முறை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூட்டிப் போனேன். முதல் ரிப்போர்ட்டில் கட்டியின் ஏடிசி 1.6. ஐந்து மாதம் கழித்து வேறு ஊரில், வேறு மிஷினில் 1.3. ஏடிசி குறைந்தால் செல்கள் நெருங்கிவிட்டன என்று அர்த்தம், புற்றாகவும் இருக்கலாம் என்று படித்திருந்தேன். பஸ்ஸில் "என்னவாமா கண்ணு?" என்று அத்தை கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்தேன். வலது கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் எண் போட்டிருந்தார்கள். முன்பு 1.2, இப்போது 1.0. நோயே இல்லாத கன்னத்திலும் எண் இறங்கியிருந்தது! அப்படியென்றால் மாறியது அத்தையின் உடம்பு இல்லை, அளந்த விதம்.

ஏடிசி என்பது திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அலைகின்றன என்பதன் அளவு. தண்ணீரில் மிதந்த நுண்துகள்களின் ஓயாத நடுக்கத்தை 1827இல் ராபர்ட் பிரவுன் கவனித்தார். 1905இல் ஐன்ஸ்டீன் அதற்குக் கணக்குத் தந்தார். காந்தப் புலத்தைத் துடிப்புத் துடிப்பாகச் சரித்து அந்த அலைச்சலை அளக்கும் வழியை 1965இல் ஸ்டெஜ்ஸ்கலும் டேனரும் காட்டினார்கள். 1980களின் நடுவில் பிரான்ஸின் டெனி லெ பிஹான் அதை மனித மூளையின் படமாக்கினார். துடிப்பின் வலுவையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் பி மதிப்பு.

ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் பி மதிப்புகள் இருந்தன: முதலாவதில் 0, 500. இரண்டாவதில் 0, 1000. பி குறைவாக இருந்தால் நுண்குழாய்களில் ஓடும் ரத்தமும் அலைச்சலாகக் கணக்கில் சேர்ந்து எண்ணை ஏற்றிவிடும். உமிழ்நீர்ச் சுரப்பியில் ரத்த ஓட்டம் அதிகம். பி ஏற ஏற அந்தப் பங்கு சுருங்கும், எண்ணும் இறங்கும். கன்னச் சுரப்பியில் கொழுப்பும் உண்டு. அதை எப்படி அடக்கி எடுக்கிறார்கள் என்பதும் எண்ணை நகர்த்தும். பல்லில் அடைத்த உலோகம் படத்தையே கோணலாக்கும். புளிப்பு வாயில் பட்டால்கூட எண் மாறுகிறது: வைட்டமின் சி கொடுத்து, சுரப்பியின் ஏடிசி முதலில் இறங்கிப் பிறகு ஏறுவதை ஹாரியட் தோனி குழுவினர் 2005இல் பதிவு செய்தார்கள்.

பனியன் கம்பெனியில் துணி செக் செய்வது என் வேலை. 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி, தராசில் வைத்து, கிராம் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. அதே துணிக்கு மிஷினிலிருந்து இறங்கியதும் ஒரு எண், துவைத்துக் காய்ந்தபின் வேறு எண். எந்த நிலையில் வெட்டியது என்று எழுதாமல் நாங்கள் ரிப்போர்ட் கொடுப்பதில்லை. என் அத்தையின் ரிப்போர்ட்டில் பி மதிப்பை எழுதவில்லை. ஏடிசியின் முதல் எழுத்து குறிக்கும் ‘அப்பேரண்ட்’ என்ற சொல்லுக்கே ‘தோற்றத்துக்கு’ என்றுதான் பொருள்; பெயர் வைத்தவர்கள் எச்சரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

டாக்டரிடம் இரண்டு ஃபிலிமையும் காட்டினேன். ஒப்பிடக் கூடாத எண்கள் என்றார். ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் புற்று இல்லை.

மறுபடி ஸ்கேனுக்குப் போகிறவர்கள் பழைய ஃபிலிமையும் சிடியையும் கையோடு கொண்டு போங்கள். முடிந்தவரை அதே மிஷினில், அதே பி மதிப்பில் எடுக்கச் சொல்லுங்கள். அந்த மதிப்பை ரிப்போர்ட்டிலும் எழுதித் தரக் கேளுங்கள்.