பிரிச்சுச் சொல்லுங்க சார்!

கையில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர். அதில் ஆங்கிலத்தில் இருந்த ஊரை எழுத்துக் கூட்டி, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கேட்டேன்: "திருச்சு... லி போகுமா?"

கண்டக்டர் முறைத்தார். "திருச்சியா, திருச்சுழியா? பிரிச்சுச் சொல்லுங்க சார்!"

திரு, சுழி. நடுவில் 'ச்' என்கிற பசை. அசை பிரித்தால் திருச்-சுழி: நிரை, நிரை. அருப்-புக்-கோட்-டை? நிரை, நேர், நேர், நேர். தூங்கி வழிந்த இலக்கண வகுப்பு, டிக்கெட் வாங்க உதவியது!

ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு, காய்ந்த கண்மாய். இங்கே ஏது சுழி?

"பிரளய வெள்ளத்தைச் சிவன் சுழிச்சு, பூமிக்குள்ள அனுப்பின ஊரு தம்பி" என்றார் பக்கத்து சீட் பெரியவர். "ரமணர் 1879-ல பொறந்ததும் இங்கதான்."

இறங்கினேன். குண்டாற்றில் மணல்தான். தண்ணீர் ஊர்ப் பெயரில் மட்டும் மிச்சம். அதையும் 'சுலி' என்று சொல்லி வற்ற வைக்கலாமா?