பின்கட்டு அறை

தருமபுரி நகரத்தை ஒட்டி இலக்கியம்பட்டி என்றோர் ஊர் இருக்கிறது. எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் இலக்கியம் நடத்துகிறவர் என்பதால், வீடு அங்கே என்று சொன்னதும் வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். நாங்களும் உடன் சிரிப்போம். 2012-இல் வங்கிக் கடன் வாங்கி அவ்வூரில் வீடு கட்டியபோது, மாதத் தவணைக்குச் சிறிது ஈடாகுமே என்று பின்புறத்தில் ஓர் அறையும் அதையொட்டி ஓர் அடுப்புமேடையும் கட்டி வாடகைக்கு விட்டோம். இன்று சொல்லப்போவது அந்த அறையைப் பற்றித்தான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்ததும் அதனால்தான்.

அவ்வறைக்கு முதலில் குடிவந்தவர் பாலக்கோட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த மூதாட்டி. ஆயா என்றே அழைத்தோம். கணவர் இறந்து வெகுகாலம். மகன் பெங்களூரில் கட்டட வேலை செய்தார். பொங்கலுக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. தை பிறந்து கோடை முடியும் மட்டும் ஆயா புளி மண்டியிலிருந்து மூட்டை வாங்கிவந்து ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, நார் உரித்துக் கொடுப்பார். கிலோக் கணக்கில் கூலி. தருமபுரிப் புளியின் மணத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். அதைத் தட்டுகிற பெண்களின் விரல்நுனிகள் கறுத்துத் தோல் வழண்டு போவதைக் கண்டவர் குறைவு. வங்கி முகவர் கொண்டுவரும் கைரேகை எந்திரம் ஆயாவின் விரலை மூன்று முறை வைத்தாலும் அறியாது. நான்காம் முறை அறியும். அறிந்ததும் 1000 ரூபாய்.

முதியோர் உதவித்தொகை அது. தமிழ்நாட்டில் 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது; 2011-இல் 500 என்பது 1000 ஆயிற்று; 2023 ஆகஸ்டில் 1200. இதில் நடுவண் அரசின் பங்கு எண்பது வயதுக்குக் கீழுள்ளவர்க்கு 200 ரூபாய். அத்திட்டத்துக்கு 2007-இல் இந்திரா காந்தியின் பெயரைச் சூட்டியபோதும் அதே 200-தான். பெயர் சூட்டுவதற்குச் செலவில்லை போலும்.

ஆயாவின் கணக்கு மிக எளியது. 1000-இல் எங்களுக்கு வாடகை 700. மின்சாரத்துக்கு அறுபது, எழுபது. எஞ்சியது மாத்திரைக்கும் வெற்றிலைக்கும். மாதம் ஒருமுறை பேருந்தேறிச் சொந்த ஊர் ரேஷன் கடைக்குப் போய் விலையில்லா அரிசி வாங்கி வருவார். புளிக்கூலி கையிலிருக்கும் மாதங்களில் கேழ்வரகு வாங்கிக் களி கிண்டுவார். உதவித்தொகை என்று அரசு அழைத்த அப்பணம் உண்மையில் செய்த வேலை, வாடகை கட்டுவது. ஐந்தாம் தேதி ஆயாவின் கையிலிருந்து எங்கள் கைக்கு வந்து, பத்தாம் தேதி எங்கள் கையிலிருந்து வங்கிக்குப் போயிற்று. உதவி யாருக்கு என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

2014-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உதவித்தொகைப் பட்டியல்கள் மாநிலமெங்கும் மறுஆய்வு செய்யப்பட்டன. தகுதியற்றோரை நீக்குவது என்பது நோக்கம். தகுதியற்றோர் பட்டியலில் இருந்ததை நாங்களும் மறுக்கவில்லை. ஆயின் சல்லடையில் எது தங்கியது, எது விழுந்தது என்பதுதான் கேள்வி. மாதர் அமைப்புகளும் இடதுசாரிக் கட்சிகளும் தெருவுக்கு வந்து போராடின. ஒரு மாதம் முகவர் வந்தார். எந்திரம் ஆயாவின் விரலை முதல் முறையிலேயே அறிந்துகொண்டது. கணக்கில் பணம் இல்லை. அடுத்த மாதமும் இல்லை. அலுவலகத்துக்கு நடந்துபோய்க் கேட்டுவந்த ஆயா, திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "மகன் பேரு கார்டுல இருக்குதாம் சார். மகன் இருந்தா கெவுர்மெண்டுக்கு நான் அனாத இல்லையாம்."

வழி இல்லாமல் இல்லை. மகனின் குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்கிக்கொண்டு, தாம் தனியே குடியிருக்கும் முகவரிக்குத் தனி அட்டை வாங்கி, மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முகவரிச் சான்று வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கு முகவரிச் சான்று என்பது வீட்டுக்காரரின் கையெழுத்து.

அக்கையெழுத்தைத்தான் நாங்கள் போடவில்லை.

மறுத்தோம் என்று சொல்ல முடியாது. "பார்க்கலாம் ஆயா" என்றோம். "ஞாயிற்றுக்கிழமை எழுதித் தருகிறோம்" என்றோம். உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், வாடகைக்காரர் பெயரில் உன் முகவரிக்கு ஒரு தாள் பிறந்துவிட்டால் பிறகு அவரைக் கிளப்பவே முடியாது, சேலத்தில் ஒருவர் இருபது ஆண்டுகளாக நீதிமன்றம் ஏறுகிறார் என்று எச்சரித்திருந்தார். எழுபது வயதுக் கிழவி எங்கள் வீட்டைக் கைப்பற்றிக்கொள்வார் என்று முதுகலை படித்தவர்கள் அஞ்சினோம். 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் நகர்ப்பகுதிகளில் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் அதன் பிறகும் வாய்மொழிதான் வழக்கம். அச்சம் சட்டத்தைவிட மூத்தது.

ஆயா நான்கு மாதம் வாடகை தரவில்லை. நாங்கள் கேட்கவில்லை. கேட்காததைப் பெருந்தன்மை என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். ஐந்தாம் மாதம் ஒரு காலையில், பாத்திர மூட்டையும் அரிசிக் குண்டானும் எடுத்துக்கொண்டு அவரே போய்விட்டார். அறையைப் பெருக்கிச் சாணம் தெளித்திருந்தார். சிமெண்டுத் தரையில் சாணம். அடுப்புமேடையில் சாவியும், உப்புப் போட்டு அடைத்த புளி நாலு கிலோ இருக்கும், ஒரு மண்சட்டியில் இருந்தன.

சில ஆண்டுகள் கழித்து கென் லோச்சின் 'ஐ, டேனியல் பிளேக்' என்ற திரைப்படத்தைப் பார்த்தோம். 2016-இல் கான் விழாவின் உயர்ந்த பரிசைப் பெற்ற படம். இலண்டனில் வீடு கிடைக்காத ஓர் இளம் தாய், இரு குழந்தைகளோடு எங்கோ வடக்கே நியூகாசிலுக்கு அனுப்பப்படுகிறாள். அப்படத்தின் வழியாக அந்நாட்டு வாடகை உதவியைப் பற்றித் தேடிப் படித்தோம். 2013 ஏப்ரலில் அங்கே ஒரு வெட்டு வந்தது: பொதுக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர் வீட்டில் ஓர் அறை மிகையாக இருந்தால் உதவியில் நூற்றுக்கு 14 குறையும், இரண்டு அறை மிகையென்றால் 25. மக்கள் அதைப் படுக்கையறை வரி என்று ஏசினார்கள். ஓய்வூதிய வயதினருக்கு அதில் விலக்கு இருந்தது. இருந்ததில் குறைத்தார்கள், அதற்கொரு வசைப்பெயர் கிடைத்தது, அப்பெயரைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்க முடிந்தது. ஆயாவின் விஷயத்தில் எதை வெட்டினார்கள் என்று எந்தப் பெயரால் சொல்வது? வாடகை உதவி என்று அவருக்கு எதுவும் தரப்படவே இல்லையே.

நம் மாநிலத்தில் வீடு தரும் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2010-இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம். 2011-இல் ஆட்சி மாறியதும் அது நின்று, 300 சதுர அடியில் சூரிய விளக்கோடு பசுமை வீடு. 2024-இல் மூன்றரை லட்ச ரூபாயில் 360 சதுர அடிக் கனவு இல்லம். எல்லாமே மண் உள்ளவருக்குச் சுவர் தருபவை. பட்டாவைக் காட்டு, வீட்டைக் கட்டு. பட்டாவும் இல்லாமல் குடிசையும் இல்லாமல் பிறர் வீட்டுப் பின்கட்டில் இருப்பவர் இக்கணக்குகளில் எங்கும் வருவதில்லை.

தகடூர் என்று எங்கள் ஊருக்குப் பழம்பெயர். அதியமான் என்றதும் ஔவையும் நெல்லிக்கனியும் நினைவுக்கு வரும். ஆண்டுதோறும் மேடைகளில் கேட்கிறோம். பெருஞ்சித்திரனாரை மேடையில் யாரும் அழைப்பதில்லை. வறுமையைப் புறநானூற்றில் அவர்போல் எழுதியவர் அரிது. பரிசில் நாடி அதியமானிடம் வந்த அப்புலவரை, மன்னன் நேரில் காணாமலே பரிசு கொடுத்தனுப்பினான். அவர் வாங்க மறுத்தார். தம்மைக் கண்டு, தகுதி அறிந்து தந்தால் தினையளவும் போதும் என்றார். 208-ஆம் பாட்டு. எங்களில் ஒருவர் அதை வகுப்பில் நடத்திய ஆண்டும் ஆயாவின் பெயர் பட்டியலிலிருந்து போன ஆண்டும் ஒன்றே. காணாமல் கொடுத்ததற்கே அவ்வளவு சினம். காணாமல் நிறுத்தியதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று வகுப்பில் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் அரசைத்தான் காட்டியிருப்போம்.

மின்சாரக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் ஒரே இணைப்பு. ஆயாவின் குண்டு பல்பும் பழைய விசிறியும் தனி இணைப்பில் ஓடியிருந்தால், நூறு யூனிட்டுக்குள் அடங்கி, யூனிட்டுக்கு ஒரு ரூபாய்தான் அன்றைக்கு ஆகியிருக்கும். நாங்கள் உள்மீட்டர் வைத்து ஐந்து ரூபாய் வாங்கினோம். 2016 மே மாதம் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவிப்பு வந்தது. அதுவும் எங்கள் இணைப்புக்கே வந்து சேர்ந்தது. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2023 ஜூலை 24 அன்று எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார். ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் குடும்பத்துக்கு அத்தொகை இல்லை என்பது விதிகளில் ஒன்று. அப்போது பின்கட்டிலிருந்த சித்தாள் பெண்ணின் விண்ணப்பத்தில் எங்கள் இணைப்பு எண் எழுதப்பட்டது. எங்கள் வீட்டில் குளிர்சாதனம் இரண்டு. விண்ணப்பம் திரும்பியதற்கு அதுதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. அடுத்த வாரமே பின்கட்டுக்குத் தனி இணைப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தோம்.

ஆயாவிடம் திரும்புகிறோம். அவர் போன சில மாதம் கழித்து, அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார் என்று மண்டிக்காரர் சொன்னார். குடியிருப்புக் கடிதத்தை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, மின்கட்டண ரசீதின் நகலும் இணைத்து எடுத்துக்கொண்டு போனோம். ஆட்டுப்பட்டியை ஒட்டிச் சாய்ப்பு இறக்கிய ஓர் இடம். வாடகை கிடையாது, இரவில் ஆடுகளுக்குக் காவல். ஆயா எங்களை வரவேற்றுச் சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். குழந்தை நலமா என்று கேட்டார். கடிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாத கண்களால் மேலும் கீழும் பார்த்தார். படித்துக் காட்டச் சொன்னார். எங்கள் கதவு எண்ணும் தெருவும் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"அந்த ஊட்டுல தான் நான் இப்ப இல்லியே சார், இது என்னாத்துக்கு?"

பிறகு அதை நாலாக மடித்து அரிசிக் குண்டானுக்கு அடியில் வைத்துவிட்டு, தேநீர் போட எழுந்தார்.