கிணற்றிலிருந்து வந்த கருங்கல்

ஞாயிறு

பக்கத்துத் தோட்டத்தில் கிணற்றை ஆழப்படுத்துகிறார்கள். மேட்டில் முதலில் கொட்டிய கல்லெல்லாம் பழுப்பேறி உதிர்கிறது. கடைசி வெடியில் வந்தது மட்டும் கருகருவென்று, ஒருவித எண்ணெய்ப் பசை மினுமினுப்போடு இருக்கிறது. வெடி வைக்கிற பெரியவர் ஒரு துண்டைப் புரட்டிக் காட்டினார். "அடியில போகப் போகப் பச்சை தட்டுதுங்க சார். சுத்தியல் பட்டா கணீர்னு கேக்குது. இது என்ன கல்லுங்க?"

காரிமங்கலத்தில் யாரைக் கேட்டாலும் கருங்கல் என்பார்கள். அந்தப் பெயருக்குள் எத்தனையோ கல் அடங்கும். பாலிஷ் போட்டு பிளாக் கிரானைட் என்று விற்கிற டாலரைட்டும் கருங்கல். கோயில் படிக்கட்டும் கருங்கல். குவாரி ஜல்லியும் கருங்கல். பெரியவர் கேட்டது அதையல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்பதை. கையடக்கமான துண்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

திங்கள்

கல்லைப் பார்ப்பதற்கு முன் அதை உடைக்க வேண்டும். வெயிலும் மழையும் தின்ற வெளிமுகம் எதையும் சரியாகச் சொல்லாது. புதிதாக உடைந்த முகத்தைத் தண்ணீரில் நனைத்து, காலை வெயிலில் மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டியூப்லைட்டில் இது நடக்காது. ஒரு கோணத்தில் சில மணிகள் மட்டும் தட்டையாகப் பளிச்சிட்டு, அடுத்த நொடியே அணைந்துவிடுகின்றன. அந்தத் தட்டை முகங்கள் பிளவுத் தளங்கள். அப்படிப் பளிச்சிடுவது ஃபெல்ஸ்பார். அதன் பக்கத்திலேயே, எந்தப் பக்கம் திருப்பினாலும் தட்டை முகமே காட்டாமல், உடைந்த பாட்டில் கண்ணாடி மாதிரி வளைந்து முறிந்திருப்பது குவார்ட்ஸ். நம் வயல் வரப்பில் வெள்ளையாகக் கிடக்குமே வெங்கச்சங்கல், அதே பொருள்தான். இங்கே நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கிறது. ஃபெல்ஸ்பாரோ மங்கிய பச்சை. இரண்டுமே வெளிறிய கனிமங்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். இந்தக் கல்லில் இரண்டும் இருண்டு போய் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்திருக்கின்றன. கனிமத்தை அடையாளம் காண நிறத்தைப்போல் ஏமாற்றுகிற சாட்சி வேறில்லை.

செவ்வாய்

கீறல் சோதனை. ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த பத்துப்படி வரிசைதான் இன்றும் கையில் இருக்கும் கருவி. நகம் சுமார் இரண்டரை, பேனாக்கத்தி ஐந்தரைக்குப் பக்கம், ஃபெல்ஸ்பார் ஆறு, குவார்ட்ஸ் ஏழு. கத்தி இரண்டையும் கீறவில்லை. கல்லின் மேல் கத்தியின் இரும்புதான் கோடாக ஒட்டியது. ஈர விரலால் துடைத்ததும் அது போய்விட்டது. இப்படித் துடைத்துப் பார்க்காமல் கீறல் விழுந்தது என்று எழுதிவிடக் கூடாது.

கழிவறை கழுவும் ஆசிடில் ஒரு சொட்டு, கையுறை போட்டுக்கொண்டு விட்டேன். நுரைக்கவில்லை. நுரைத்திருந்தால் கதையே வேறு. ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டியிலும், திருப்பத்தூர்ப் பக்கம் செவ்வாத்தூரிலும் கார்பனடைட் உண்டு. சுண்ணாம்புச் சத்து மிகுந்தும் எரிமலைக் குழம்பிலிருந்து உறைந்த அபூர்வக் கல் அது. நம்முடையது அந்த வகை இல்லை.

புதன்

இன்று செய்ததுதான் எனக்கு மிகப் பிடித்த சோதனை. கல்லை நூலில் கட்டித் தொங்கு தராசில் மாட்டினேன்: 810 கிராம். அப்படியே வாளித் தண்ணீருக்குள் முழுக்க முங்கவைத்தேன், அடியையும் பக்கத்தையும் தொடாமல்: 512 கிராம். குறைந்தது 298. எண்ணூற்றுப் பத்தை அதால் வகுத்தால் 2.72. டாலரைட்டாக இருந்தால் மூன்றை ஒட்டி வரும். 2.72 என்பது கிரானைட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் எண். கண்ணுக்குக் கருங்கல், எடைக்கு ஏறக்குறைய வெள்ளைக்கல்! ஒரு சில்லை உரலில் இடித்தபோது தூளும் வெளிறிய சாம்பலாகவே வந்தது. அதாவது இதில் பெரும்பங்கு குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும்தான். கனமான கருங்கனிமம் கொஞ்சமே.

அந்தத் தூளின் மேல், காகிதத்துக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினேன். சில துகள்கள் எழுந்து நின்று காந்தத்தோடு கூடவே நகர்ந்தன. காந்தக்கல், மாக்னடைட். ஊசியால் நெம்பினால் ஏடாக உரியும் காக்காப்பொன் எங்கும் தென்படவில்லை.

வியாழன்

மிச்சம் இருப்பது அந்தக் கொஞ்சம் கருங்கனிமம். ஹார்ன்பிளெண்டா, பைராக்சினா? பத்து மடங்கு லென்ஸில் இரண்டு பிளவுகள் சந்திக்கும் மூலையைத் தேட வேண்டும். ஹார்ன்பிளெண்டில் அவை சாய்சதுரமாக, ஏறக்குறைய 56, 124 பாகையில் வெட்டிக்கொள்ளும். பைராக்சினில் கிட்டத்தட்டச் செங்கோணம். நெடுநேரம் தேடி ஒரே ஒரு நல்ல மூலை கிடைத்தது, சதுரமாக. நிறம் வெண்கலப் பழுப்பு. ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சின் அப்படித்தான் இருக்கும்.

குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன், கொஞ்சம் மாக்னடைட். இந்தக் கூட்டணிக்கு உலகம் வைத்த பெயர் சார்னகைட். அந்தப் பெயர் வந்த கல்லும் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். 1690-இல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கால் ஊன்ற இடம் பிடித்த ஜாப் சார்னாக்கின் கல்லறை அங்கே செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893-இல் எழுதினார். இதே கனிமங்களைத்தான் அதில் கண்டார். சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையோடு அது பொருந்தியது. வங்காளத்தில் ஒருவருடைய பெயரைத் தாங்கி நிற்கும் கல்லுக்கு ஊர் பல்லாவரம் என்பதைக் கனிமங்கள் காட்டிக்கொடுத்தன. கல்வெட்டு எழுத்தைப் படிப்பதற்குச் சமமான படிப்பு இது என்றே நினைக்கிறேன். நம் பள்ளிக்கூடங்களில் ஒரு லென்ஸும் ஒரு காந்தமும் இருந்தால் போதும், பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத் தந்துவிடலாம்.

வெள்ளி

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். பெயரைவிட இன்னொன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. "மேட்டுக் கல்லை உடைச்சா வரிவரியா வெளுப்பா இருக்கு, இது ஏனுங்க இப்படி?" நல்ல கேள்வி. கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போகும் பாதைக்கு நிலவியல் உலகில் தனி மதிப்பு உண்டு. வடக்கே ஹார்ன்பிளெண்ட் கலந்த வரிப்பாறை, நைஸ். தெற்கே வரவர ஹைப்பர்ஸ்தீன் தலைகாட்டுகிறது. நாம் இருப்பது அந்த இடைவழியில். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் வெகு ஆழத்தில் இந்தப் பாறைகள் வெந்தன. ஹார்ன்பிளெண்டுக்குள் நீர் கட்டுண்டு இருக்கிறது. வெப்பம் ஏறி அந்த நீர் வெளியேறினால் அது நிலைக்க முடியாது. அந்த இடத்தில் நீரற்ற ஹைப்பர்ஸ்தீன் பிறக்கிறது. கர்நாடகத்தில் கப்பல்துர்க்கா குவாரியில் சாம்பல் நைஸுக்குள் கரும்பச்சைத் திட்டுகளாக இந்த மாற்றம் பாதியில் நிற்பதை நிலவியலாளர் பிச்சமுத்து 1960-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

பெரியவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குவியலுக்குள் இறங்கி, ஒரு முனை சாம்பலும் மறுமுனை பச்சையுமான துண்டைத் தேடி எடுத்து, "இந்த மாதிரிங்களா?" என்றார்.

சனி

லென்ஸ் இங்கே போதாது. 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த சீவலை முனைவுற்ற ஒளியில் பார்த்தால்தான், திருப்பும்போது இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையுமாக மாறும் நிறத்தை வைத்து ஹைப்பர்ஸ்தீனை உறுதிப்படுத்தலாம். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது. அங்கே கேட்டுப் பார்க்க இரண்டு கல்லையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றினேன். முதல் கல்லின் சீட்டில் எழுதியது: 'காரிமங்கலம், கிணற்றின் அடிமட்டம். அடர்த்தி 2.72. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மாக்னடைட், ஹைப்பர்ஸ்தீன் (சீவலில் உறுதி செய்க).' இரண்டாவதன் சீட்டில் சாம்பலும் பச்சையும் சந்திக்கும் கோட்டை வரைந்து, அந்தக் கோட்டுக்குக் குறுக்காகச் சீவல் எடுக்கச் சொல்லி அம்புக்குறி போட்டிருக்கிறேன்.