நெத்திலியும் எல் நினோவும்

நம்ம ஊர் நெத்திலிக்குத் தென் அமெரிக்காவில் ஒரு பங்காளி உண்டு. பெயர் அன்சொவெத்தா, வீடு பெரு நாட்டுக் கடல். கோடிக்கணக்கில் பிடிபடும் இந்த மீனை மனிதர்கள் சாப்பிடுவது ரொம்பக் குறைவு. பெரும்பாலும் அரைத்து மீன்தூளாக்கி, கோழிக்கும் பன்றிக்கும் பண்ணை மீனுக்கும் தீவனமாகப் போட்டுவிடுகிறார்கள்.

அங்கே மட்டும் ஏன் இவ்வளவு மீன்? கரையோரக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியாழத்தின் குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வருகிறது. அதில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, அவற்றைத் தின்று மீன் பெருகுகிறது. எல் நினோ ஆண்டுகளில் கடல் சூடாகி, இந்தச் சத்து மேலே வருவது குறைந்துவிடும்.

1970-ல் பெரு பிடித்தது 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கும் மேல். ஆண்டுக்கு சுமார் 95 லட்சம் டன்தான் தாங்கும் என்று அதே ஆண்டு நிபுணர் குழு ஒன்று கணக்குச் சொன்னது. ஆனால் படகுகளும் ஆலைகளும் ஏற்கெனவே பெருத்துவிட்டன. யார் நிறுத்துவது?

1972-ல் எல் நினோ வந்தது. வேடிக்கை என்னவென்றால், முதலில் வலைகள் நிரம்பின! சூட்டுக்குப் பயந்த மீன்கள் கரையோரக் குளிர்நீரில் ஒதுங்க, அள்ளுவது சுலபமாகிவிட்டது. மீன் அழியும்போது வியாபாரம் செழிப்பதுபோலத் தெரிந்தது. 1973-ல் பிடிபட்டது 20 லட்சம் டன்னுக்கும் கீழே. அரசு மீன்தொழிலை நாட்டுடைமையாக்கியது. உலகச் சந்தையில் தீவனத் தட்டுப்பாடு. சோயா விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்கே தற்காலிகத் தடை போட்டது. பெருவின் கடல் சூடானதற்கும் ஜப்பானில் டோஃபு விலை ஏறியதற்கும் தொடர்பு இருக்கிறது, பாருங்கள்!

பிறகு பாடம் படித்தார்களா? ஓரளவுக்கு. முன்பு மொத்த அளவு ஒன்றுதான், முந்துபவருக்கே மீன். அதனால் ஒரே ஓட்டப்பந்தயம். 2009 முதல் ஒவ்வொரு படகுக்கும் தனிப்பங்கு. பருவத்துக்கு முன் ஆய்வுக் கப்பல் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகே அளவு முடிவாகும். 2023-ல் கடல் சூடாகி, குஞ்சு மீன்களே அதிகம் தென்பட்டதால், வட-மத்தியக் கடலின் முதல் பருவத்தையே அரசு ரத்து செய்தது. 2024-ன் முதல் பருவத்துக்கு 24.75 லட்சம் டன் அனுமதிக்கும் அளவுக்கு மீன் திரும்பியிருந்தது.

சபாஷ் என்று முடித்துவிடலாமா? முடியாது. ரத்தான பருவத்தில் முதலாளிக்கும் நஷ்டம்தான். ஆனால் அவருடைய பங்கு அடுத்த பருவத்துக்கும் சொத்தாக நிற்கிறது. படகுத் தொழிலாளிக்குக் கூலியே பிடிபாட்டில் ஒரு பங்கு. மீன் இல்லை என்றால் கூலியும் இல்லை. கடலை எப்போது மூட வேண்டும் என்று விஞ்ஞானம் சொல்லிவிடும். மூடிய மாதங்களில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பதற்குப் பொருளாதாரமும் சட்டமும்தான் பதில் சொல்ல வேண்டும். எல் நினோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என்பது தெரிந்த விஷயம். மீன் கொழித்த ஆண்டின் லாபத்தில் ஒரு பகுதியை அந்தத் தொழிலாளிக்காக ஒதுக்கி வைப்பது அவ்வளவு கஷ்டமா?

இல்லையென்றால், அடுத்த முறை கடலை மூடும்போது எதிர்த்து நிற்பவர்களில் முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.